வளர்பிறை அண்ணனுக்கு, தேய்பிறை தம்பிக்கு

ஆடிப் பௌர்ணமியன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையில் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும், பக்கத்தில் ஓர் எண்ணும் வந்து நின்றன. அதோடு சரி. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே வரி, அதே எண். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். நான் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள். அங்கே எந்தப் பிள்ளையாவது இப்படித் தட்டினால் திட்டித் தீர்த்துவிடுவேன். வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்.

அந்த வாரம் திருத்தணியில் கரண்ட் நின்று எரிந்தால்தான் ஆச்சரியம். ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சீரியல் பல்பு, கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி, திடீரென்று முளைத்த கடைகள் எல்லாம் போகிற ஒயரில் கொக்கி மாட்டி விளக்கு எரித்தன. பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. உடனே வந்தது. மின்விசிறி பேய் பிடித்ததுபோல் சுற்றியது. மறுபடி போனது. இப்படியே போவதும் வருவதுமாக இருந்தது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் என்று ஒன்று வைத்திருந்தோம். கரண்ட் போனால் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தும், கத்திக்கொண்டே தானும் அணைந்துவிடும். அதை வைத்திருந்ததற்கு ஒரு கூண்டுக்கிளி வளர்த்திருக்கலாம்.

சுவிட்சை அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் இருட்டில் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கம்ப்யூட்டர் கரண்ட் வரும்போதெல்லாம் தானாக எழுந்து, பாதி வழியில் விழுந்து, திரும்ப எழுந்து, திரும்ப விழுந்து முடித்திருந்தது.

முதல் தடவை கரண்ட் போனபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால்தான் எங்கள் வீட்டு லட்சணம் விளங்கும். முறை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பூஜைச் சாமான் கடை உண்டு. அப்பா போனபிறகு அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் போனார்கள். கடை ஒரே கடை, அதை நடுவில் வெட்ட முடியாது. கோயிலை அண்டிப் பிழைக்கிற குடும்பங்களில் முறை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அதன்படி வளர்பிறை அண்ணனுக்கு, தேய்பிறை தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். வீட்டை வெட்ட முடிந்தது, வெட்டினார்கள். கூடத்தின் நடுவில் எழுப்பிய சுவர் என் அறையில் வந்து முட்டி நின்றது. நான் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். எனக்கு அந்த நடு அறை. ஒரு கதவு அண்ணன் பக்கம், ஒரு கதவு தம்பி பக்கம். எல்லைச் செக்போஸ்டில் உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரர் மாதிரி இரண்டு பக்கத்துக் குழம்பும் எனக்கு வரும், இரண்டு பக்கத்துக் குறைகளும் வரும்.

கம்ப்யூட்டர் அப்பா இருந்தபோது வாங்கியது. அதுவும் பொதுச்சொத்து ஆயிற்றே, சும்மா விடுவார்களா. அண்ணி அதில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுப்பாள். அவளுக்கு விண்டோஸ் வேண்டும். தம்பி பெங்களூரில் வேலைக்குப் போவதற்காக லினக்ஸ் படித்தான். அவனுக்கு அது வேண்டும். ஹார்ட் டிஸ்கைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியில் அவள் விண்டோசையும், மறு பாதியில் அவன் லினக்சையும் போட்டார்கள். பொது இடம் என்று என் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். என்னைக் கேட்டார்களா என்றால், இல்லை.

அதிலும் ஒரு தகராறு கிளம்பியது. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் இரண்டு வரி வரும், உனக்கு எது வேண்டும் என்று. கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால் முதல் வரியில் இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். அந்த முதல் வரி யாருக்கு? அண்ணன் மூத்தவன் என்றான். தம்பி, மெனுவைப் போட்டதே நான்தான் என்றான். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் என் வழியாகத்தான். எனக்குக் காது புளித்துப்போய், கடைக்கு இருக்கிற முறையே இதற்கும் என்று சொல்லிவிட்டேன். அமாவாசை கழிந்தால் விண்டோஸ் முதல் வரிக்குப் போகும், பௌர்ணமி வந்தால் லினக்ஸ். மாற்றி எழுதுகிற வேலை எனக்கு. பஞ்சாங்கம் பார்த்து ஓடிய கம்ப்யூட்டர் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். வேடிக்கை இல்லை, வெட்கம்.

அந்தப் பௌர்ணமிக்கும் லினக்சுக்குள் போய் அந்த வரிகளை மாற்றிச் சேமித்துக்கொண்டிருந்த கணத்தில்தான் கரண்ட் போனது. மெனு பாதி எழுதியும் எழுதாமலும் நின்றது. அப்புறம் வந்து வந்து போன கரண்ட் இரண்டு பாதியையும் அடித்துவிட்டுப் போயிற்று.

இரண்டு வீடாகப் பிரிந்ததற்குக் கடையோ வீடோ காரணம் இல்லை. ஒரு பிள்ளை.

தம்பி மனைவிக்கு ஊர் நகரி. ஆந்திரா என்று பேர், பஸ் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் வரும். என்னை வதினா என்பாள், அண்ணியை அக்கா என்பாள். அவளுக்கு முதல் பிள்ளை ஆண். மலையில் முதல் மொட்டை போடுகிற வரைக்கும் பிள்ளையைப் படம் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முடி காணிக்கை கொடுத்தபிறகுதான் பிள்ளை நம்முடையது, அதற்கு முன்னால் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். அண்ணிக்கு அவள் தம்பி துபாயிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தான். பேர் வைத்த அன்று அவள் பிள்ளையைப் படம் எடுத்துவிட்டாள். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கேமராவின் குட்டித் திரையில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்களாம்.

சில வாரம் கழித்துப் பிள்ளைக்கு ஜுரம் வந்தது. இழுப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போன அன்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் தம்பி மனைவி அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ படம் புடிச்சிதானே எம்புள்ளைய எத்துகினு போயிட்ட."

அதுவரை அவள் அண்ணியை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணி பதில் பேசவில்லை. அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பெண்டாட்டிகள் பேசாமல் போக, புருஷன்மார்கள் அதை வளர்த்தார்கள். சுவர் வந்தது.

இதெல்லாம் எனக்குச் சொல்லக் கேள்விதான். அப்போது நான் பள்ளிப்பட்டில் மாமியார் வீட்டில் இருந்தேன். பிள்ளை பிறந்ததிலிருந்து போகிறேன் போகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் சாவுக்குத்தான் அனுப்பினார்கள். அதற்கும் நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் தம்பி பிள்ளையை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்த வீட்டை விட்டு நான் வந்ததற்கு எத்தனையோ காரணம் உண்டு. இதை மட்டும் இன்றைக்கும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். மறுநாள் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்தேன். மூடியைக் கழற்றி ஊதினார், மாட்டினார், திரையைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் அடி வாங்கிகிது மேடம். ஃபார்மேட் அடிச்சிட்டு ஒரே விண்டோசா போட்டுத் தரேன். எதுக்கு மேடம் ரெண்டு? உள்ள எதுனா வேணுமா?"

ஃபார்மேட் அடித்தால் இரண்டு பாதியும் துடைத்துப்போகும். எதற்கும் கேட்டுவிடலாம் என்று அண்ணன் பக்கக் கதவைத் திறந்தேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அடிக்கச் சொல்லு. அதுல இன்னா இருக்குது," என்றான். அண்ணி சமையல்கட்டிலிருந்து, கேட்பதற்கு முன்பே, "அடிச்சிடட்டும்மா. எல்லாம் போவட்டும்," என்றாள். தம்பி பெங்களூரில் பயிற்சிக்குப் போயிருந்தான். போன் போட்டேன். "என்கிட்ட ஒண்ணுமில்லக்கா. அடிச்சிடச் சொல்லு," என்றான்.

சுவர் வந்ததற்கப்புறம் இவர்கள் மூன்று பேரும் ஒரே வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரிப்பேர்க்காரர் சீடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

நாலாவது ஆளை நான் கேட்கவில்லை. தேய்பிறை பிறந்துவிட்டதால் கடை தம்பி முறை. அவன் ஊரில் இல்லை, அவன் மனைவிதான் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பிட வந்தவள் நேராக என் அறைக்கு வந்தாள். விரலெல்லாம் குங்குமம். அண்ணன் பக்கக் கதவு ஒருக்களித்திருந்தது. அதைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"வதினா, இத அழிக்கப் போறாங்களாமே."

"ஆமா. ஏன், உனக்கு அதுல இன்னா?"

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தாள்.

"புள்ள படம் அதுலதானே இருக்குது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறைக்க வேண்டியதில்லை, நான் கோபக்காரிதான். இந்தப் படத்தைச் சொல்லித்தானே குடும்பத்தை இரண்டாக்கினாய், இப்போது அதே படம் வேண்டுமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"தூக்கினது ஞாபகம் இருக்குது வதினா. கனம் ஞாபகம் இருக்குது. மூஞ்சி மட்டும் போய்கினே இருக்குது. அவனுக்குன்னு வேற ஒண்ணும் இல்லீங்க. ஒரு படம் இல்ல. நாளைக்கி அழிச்சிட்டா அப்பால வராதுதானே?"

"வராது."

அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. அழவில்லை. கடையைப் பக்கத்துக்காரரை நம்பி விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போனாள். அவள் தேய்பிறை நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து, தம்பியின் பாதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள். சீட்டு விளையாடத் தெரியாமல் முழிக்கிறாள் என்று நான் கேலி செய்ததுண்டு. பக்கத்துப் பாதிக்குள் போக வழி தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று இப்போது விளங்கியது.

அண்ணியிடம் போனேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தப் படம் இருக்குதா, அழிச்சிட்டீங்களா?"

எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை. நறுக்குவதையும் நிறுத்தவில்லை.

"அழிக்கல. எத்தினியோ தடவ போனேன். கை வரல."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"பத்திரிகைக்கு பார்டர் போடுற படங்கள்லாம் இருக்குதில்ல, வாழமரம், கலசம், புள்ளையாருன்னு. அதுக்குள்ள போட்டு வெச்சேன். அங்க யாரும் தேடமாட்டாங்க."

"அப்போ ஏன் அடிச்சிடச் சொன்னீங்க?"

"தானா போனா போவட்டும்னுதான். நான் அழிச்சதா இருக்காதில்ல."

இத்தனை வருஷம் அந்தப் பேச்சுக்கு ஒரு பதிலும் சொல்லாமல் இருந்தவள். அவளுக்கு ரோஷம் என்று நான் நினைத்திருந்தேன். அவளும் அதை நம்பியிருக்கிறாள். தான் எடுத்த படத்தால்தான் பிள்ளை போயிற்று என்று இவளும் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள்.

"ஏன் கேக்குற?" என்றாள்.

"அவ கேக்குறா."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துக் குடுத்துடும்மா. நான் வெச்சிகினு இருந்தேன்னு சொல்லாத."

ரிப்பேர்க்காரரிடம் போய் வேண்டாம் என்றேன். "உங்க இஷ்டம் மேடம். நோண்ட நோண்டதான் கெட்டுப்பூடும்," என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எங்கேயாவது ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, அண்ணியின் பாதியின் மேல் எதையாவது எழுதிவிட்டால் பிள்ளை படம் அதோடு போயிற்று. சென்டரில் பிள்ளைகளுக்கு எக்ஸெல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இதெல்லாம் பழக்கமா என்ன. தம்பிக்கு மறுபடி போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அவ கேட்டாளாக்கா?" என்றான்.

"ஆங், அவதான்."

"என்கிட்ட ஒரு நாள் கேக்கல."

அப்புறம் வேலையைச் சொல்ல ஆரம்பித்தான். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சீடியை அவன் அலமாரியில் வைத்திருந்தான். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல், அந்தச் சீடியை வைத்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம். அதிலிருந்து முதலில் அவன் பாதியைச் சரிபார்க்க வேண்டும், அது தேறினால் மெனுவைத் திரும்ப எழுத வேண்டும், அதற்கப்புறம் அண்ணியின் பாதியை எழுதாமல் படிக்க மட்டும் திறக்க வேண்டும். "படிக்க மட்டும்க்கா, அத மறந்துடாத," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு கட்டளையையும் எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் என் உள்ளங்கையில் பாதியும் காலண்டர் தாளில் பாதியுமாகக் குறித்துக்கொண்டேன்.

விடிந்ததும் உட்கார்ந்தேன். தெருவில் சீரியல் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லாரும் தூங்கப்போயிருக்கிற அந்த வேளையில்தான் கரண்ட் சாதுவாக இருக்கும். சீடி சுற்றியது. திரையில் எழுத்து எழுத்தாக ஓடி, கடைசியில் நீல நிற முகப்புத் திரை வந்து நின்றது. கொஞ்சம் மூச்சு வந்தது. தம்பியின் பாதியைச் சரிபார்க்கச் சொன்னேன். இது உடைந்திருக்கிறது, சரிசெய்யவா? ஆமாம். இது உடைந்திருக்கிறது, சரிசெய்யவா? ஆமாம். கேட்டுக்கொண்டே இருந்தது, நானும் ஆமாம் ஆமாம் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். எதற்கு ஆமாம் சொல்கிறேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கல்யாணத்தில் ஐயர் சொல்கிற மந்திரத்தை ஒப்பித்த மாதிரிதான், அதன் பலனையும் பார்த்தவள் நான். ஆனால் இது பலித்தது. தம்பியின் பாதி எழுந்தது. மெனுவும் வந்தது.

விண்டோஸ் வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு கோப்பு கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது. அந்த வாசல் அடைத்தே கிடந்தது. அண்ணியின் பாதிக்குள் போக இனி தம்பியின் பாதி வழியாகத்தான் வழி. படிக்க மட்டும் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் திறந்தேன். பத்திரிகை பார்டர் என்று அண்ணி பேர் வைத்திருந்த இடம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

தம்பி மனைவி கடை திறக்கப் போகாமல் அவள் பக்கத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "இருக்குதா வதினா?" என்றாள். இல்லை என்று சொல்லப் பிடிக்காமல், தேடுகிறேன் என்றேன்.

தம்பி கடைசியாக ஒன்று சொல்லியிருந்தான். கரண்ட் அடித்ததில் பேர்களும் அடுக்குகளும் போயிருக்கலாம், படங்கள் அங்கேயே கிடக்கும். பேரைப் பார்க்காமல், படம் எப்படி இருக்குமோ அந்த உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்கின் மூலை முடுக்கெல்லாம் தேடி அள்ளுகிற சின்ன நிரல் ஒன்று அந்தச் சீடியில் இருந்தது. அதை ஓடவிட்டேன். அது அள்ளி அள்ளித் தம்பியின் பாதியில் கொட்டியது. பேர் கிடையாது, வெறும் எண்கள். பிள்ளையார் வந்தார். மறுபடி பிள்ளையார். வாழைமரம், மேளம், கலசம், மாலை மாற்றுகிற ஜோடி, மயில் மேல் முருகன். இந்த வட்டாரத்தில் நடந்த கல்யாணமெல்லாம் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு முறை விளக்கு மங்கிப் பிரகாசித்தது. நானும் அவளும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம். அணையவில்லை.

வெயில் ஏறியபிறகு பிள்ளைகள் வந்தன.

சில படங்களில் நெற்றி மட்டும் இருந்தது, கீழே சாம்பல் நிறம். சிலவற்றில் ஒரு கை. முழுசாகத் தேறியவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

ஒரு படத்தில் பிள்ளைக்கு அடர்ந்த முடி, சுருங்கின நெற்றி, கண்ணை அகலத் திறந்து பார்த்தது. இன்னொன்றில் முடி குறைவு, கொஞ்சம் வெளுப்பு, வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டும் லுங்கித் துணித் தூளியில் கிடந்தன, இரண்டுக்கும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. ஒரே பிள்ளையின் வேறு வேறு நாளா, இரண்டு பிள்ளையா? எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொதட்டூர்பேட்டையில் இருக்கிற அண்ணியின் தங்கைக்கும் அதே சமயம்தான் பிள்ளை பிறந்தது. அண்ணி அங்கேயும் கேமராவை எடுத்துக்கொண்டு போனவள்தான். படங்களுக்குள் பதிவாகியிருந்த தேதியைப் பார்த்தேன். கேமராவில் அவள் தேதியே வைத்ததில்லை, எல்லாம் ஒரே நாள்.

தம்பி மனைவி திரையைத் தொட்டுவிடுவதுபோல் முன்னால் குனிந்தாள்.

"இது," என்றாள், முடி அடர்ந்த பிள்ளையைக் காட்டி.

கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, அத காட்டுங்க," என்றாள்.

காட்டினேன்.

"இதுதான்." விரல் திரையிலேயே இருந்தது. "இல்ல வதினா. முன்ன காட்டினத காட்டுங்க."

மாற்றி மாற்றிக் காட்டினேன். அவள் காதைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். "எங்க நைனாவுக்கு இப்படித்தான் காது," என்றாள், தன் அப்பாவை நினைத்து. அடுத்ததிலும் காது அப்படித்தான் இருந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"நீங்க சொல்லுங்க வதினா. எது?"

என்னால் சொல்ல முடிந்திருந்தால். நான் பார்த்ததே இல்லையே. பள்ளிப்பட்டு வீட்டுக்காரர்களை அந்த நிமிஷம் வயிறெரியத் திட்டினேன், மனதுக்குள்தான். தம்பிக்குப் போன் போடலாமா என்றால் போனில் எப்படிக் காட்டுவது. அவள் கேட்கக் கூடிய ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள். அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதை நான் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

அவள் எழுந்துபோய் அண்ணன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அக்கா."

அண்ணி சமையல்கட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அக்கா, கொஞ்சம் வரீங்களா."

அண்ணி வந்தாள். என் அறைப் படியைத் தாண்டும்போது தயங்கினாள், தம்பி மனைவி வழிவிட்டு ஒதுங்கினாள். அண்ணி திரையை உடனே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அப்புறம்தான் பார்த்தாள். நான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இவனாக்கா, இவனா?" என்றாள் தம்பி மனைவி.

அண்ணி யோசிக்கவே இல்லை. முடி அடர்ந்த பிள்ளையைக் காட்டினாள்.

"இவன்தான் நம்ம புள்ள. அது எங்க தங்கச்சி பையன்."

தம்பி மனைவி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு கோணியது. இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"பெத்தவ எனக்குத் தெரியலையேக்கா. எனக்கே தெரியலையே."

அண்ணி அவள் தோளைத் தொடப் போய், தொடாமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தம்பி மனைவியும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மறுபடி கரண்ட் போய்விடுமோ என்கிற பயத்தில் மவுசைப் பிடித்த கையை எடுக்கவில்லை. படத்தை முதலில் ஒரு சீடியில் எழுதி எடுக்க வேண்டும், அதுதான் என் வேலை. இவர்கள் எழுந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அன்னிக்கி அழுதுகினு இருந்தானாக்கா?" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. நான் உள்ள படுத்துகினு இருந்தேன்."

"இல்ல. தூங்கிகினு இருந்தான். கண்ணு தொறந்தப்போ எடுக்கணும்னு நான்தான் தூளிகிட்டவே ரொம்ப நேரம் உக்காந்துகினு இருந்தேன்," என்றாள் அண்ணி. "தொறந்ததும் என்னதான் மொதல்ல பார்த்தான். உன்ன காணம்னு ஒரு சுத்து தேடினான். அதுக்கப்பால எடுத்தேன்."

"என்னியா தேடினான்?"

"உன்னதான்."

தம்பி மனைவி தரையிலிருந்தபடியே தலையை உயர்த்தித் திரையைப் பார்த்தாள். சுருங்கின நெற்றியோடு அந்தப் பிள்ளை ஒரு பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.